மருமகனின் வானொலி நிலையம்

யாழ்ப்பாணத்தில் என் தலைமுறையினருக்கு வானொலி என்பது கேட்பதற்கு மட்டுமேயான ஒரு பொருள். அதன் வழியே நாமும் பேசலாம் என்று எவரும் எண்ணியதில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. அதன் பின்னர் மாலை வேளைகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ஏனையோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்திருப்போம். மணிலாவிலிருந்து வெரித்தாஸ், இரவு ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து தமிழோசை. சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். பக்கத்து ஊரில் விழுந்த குண்டைப் பற்றிப் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த குரல்தான் எமக்கு அறிவித்தது. எமக்குச் செவிகள் இருந்தன. வாய் இருக்கவில்லை.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவனுக்கு, தன் சொந்தத் தங்கையின் வீட்டு அறையில் ஓர் ஒலிபரப்பி இருக்கிறது என்பதும், அதற்கு அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறது என்பதும், மருமகன் அதன் முன் அமர்ந்து முன்பின் அறியாத மனிதர்களுடன் பேசுகிறான் என்பதும் எத்தகைய வியப்பைத் தந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. இலத்திரனியல் படிக்கிறான். வலிகாமத்தில் ஒரு சிறிய ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது அவர்களுடைய வீடு.

ஹாம் வானொலி என்றும் அமெச்சூர் வானொலி என்றும் இந்தப் பொழுதுபோக்கை அழைக்கிறார்கள். பாட்டுப் போடுவதற்கோ விளம்பரம் செய்வதற்கோ உரியதல்ல இது. தொழில்நுட்பத்தைக் கற்பதற்காகவும், தம்மைப் போன்ற பிறருடன் உரையாடுவதற்காகவும் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், பரீட்சை எழுதித் தேறியவர்கள் இலாபநோக்கமின்றி இயங்குவது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதற்கான அனுமதியை வழங்குகிறது. அனுமதி பெற்றவருக்கு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். அது உலகில் வேறு எவருக்கும் இராது. இலங்கையரின் குறிகள் '4எஸ்' என்று தொடங்கும். நாடு சிலோனாக இருந்த காலத்தில் 'விஎஸ்7' என்பதே எமக்குரிய அடையாளமாக இருந்தது.

முன்னர் சிற்றலையில் இயங்க விரும்பியவர்கள் மோர்ஸ் தந்திமொழியையும் கட்டாயம் கற்க வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு சர்வதேச விதிகளிலிருந்து அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஆயினும் மருமகன் மோர்ஸைக் கற்றிருக்கிறான். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சாப்பிடுகிறான் என்பது தாயாரின் நீண்டகால முறைப்பாடு.

நிலையம் என்றதும் பெரிய கோபுரத்தையும் கண்ணாடி அறையையும் கற்பனை செய்துகொண்டு போனேன். நான் கண்டது ஒரு பழைய பாடசாலை மேசை. அதன்மேல், உறவினர் ஒருவர் கொடுத்த பிஸ்கற் தகரப் பெட்டிக்குள் குடியிருக்கும் வானொலி. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான் என்ற ஹாம், குறைந்த செலவில் எவரும் கட்டிக்கொள்ளக்கூடியதாக வடிவமைத்து, வரைபடங்களையும் எல்லோருக்கும் பகிர்ந்தளித்த 'பிட்எக்ஸ்' வகை அது. உரிய அனுமதியுடன் சுற்றுப் பலகையைத் தருவித்து, மிகுதியைத் தானே பொருத்தியிருக்கிறான். அதன் வலு ஏறத்தாழ 10 வாற்று. வீட்டு விறாந்தையில் எரியும் ஓர் எல்ஈடி மின்குமிழுக்குத் தேவைப்படும் அளவு மின்சாரத்தை வைத்துக்கொண்டு கடல் கடந்து பேசலாம் என்பதை அவன் சொன்னபோது நான் நம்பவில்லை.

மேசைக்குக் கீழே ஒரு பழைய கார் பற்றறி. கூரையில் ஒரு சூரியத் தகடு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது எடுத்த முடிவாம் இது. அந்த இருட்டு நாட்களைப் பற்றி அவன் கூறிய ஒரு விடயம் எனக்குப் புதிது. தொலைபேசி மின்னேற்றிகள், மலிவு விலை மின்குமிழ்கள் போன்றவை ஓயாத இரைச்சலை வானொலியில் உண்டாக்குகின்றன. ஊர் முழுவதும் மின்சாரம் போனதும் அந்த இரைச்சல் அடங்கிவிடும். "கரண்ட் போனாத்தான் மாமா வானம் துப்பரவாக் கேக்கும்" என்றான்.

இந்த நிலையத்தின் உயிர் பெட்டியில் இல்லை, வெளியே மரத்தில் கட்டியுள்ள கம்பியில் இருக்கிறது. 300 என்ற எண்ணை மெகாஹேட்ஸ் கணக்கிலான அலைவரிசையால் வகுத்தால் அலையின் நீளம் மீற்றரில் கிடைக்கும். அவன் பெரிதும் இயங்குவது 7.1 மெகாஹேட்ஸை அண்டிய பகுதியில். அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீற்றர். அதில் பாதியை எடுத்து, கம்பியில் அலை சற்றுக் குறுகுவதற்காக ஐந்து சதவீதம் கழித்தால் 20 மீற்றர். நடுவில் வெட்டினால் பத்துப் பத்து மீற்றராக இரண்டு கைகள். ஒரு நுனி காணியின் மூலையிலுள்ள பனையில், மறு நுனி தண்ணீர்த் தாங்கியின் இரும்புச் சட்டத்தில். பனையில் ஏறிக் கயிறு கட்டித் தந்தவர் அந்த ஊரில் கள்ளுச் சீவும் ஒருவர். கூலியாகப் பணம் வாங்க மறுத்து, "உதில என்ன தம்பி கேக்கும்?" என்று வினவிவிட்டுப் போனாராம்.

நடுவிலிருந்து அறைக்கு வரும் வடம், கேபிள் தொலைக்காட்சிக்காரர் தரும் 75 ஓம் வடத்தைப் போலவே தோன்றும். ஆனால் இது 50 ஓம். முதல்நாள் அளந்தபோது அன்ரெனா 6.8 மெகாஹேட்ஸில் நின்றதாம். கம்பி நீளம் என்பது அதன் பொருள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முழம் வெட்டியதும் உரிய இடத்துக்கு வந்தது. பொருத்தம் பிழைத்தால் அனுப்பும் வலுவில் ஒரு பகுதி அன்ரெனாவிலிருந்து திரும்பி வந்து கருவியையே சுட்டுவிடக்கூடும் என்பதால் அதை அளக்க ஒரு சிறு கருவியும் உண்டு.

எந்தக் கம்பி பிள்ளைக்கு மகிழ்ச்சியைத் தந்ததோ அதே கம்பி தாயின் நித்திரையைப் பறித்தது.

தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "அண்ணை, உந்த வயரைக் கழட்டச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பான். றோட்டால போறவை கண்டால் என்ன நினைப்பினம்?"

இதை வீண் பயம் என்று ஒதுக்க என்னால் முடியாது. நாம் சிறுவர்களாக இருந்த ஒழுங்கையில் வானொலி திருத்துபவர் ஒருவர் இருந்தார். போர்க்காலத்தில் ஒருநாள் அவருடைய கடையிலிருந்த செப்புச் சுருள்களையும் உதிரிப் பாகங்களையும் காட்டி, இவற்றால் என்ன செய்கிறாய் என்று கேட்டு அவரைக் கூட்டிச் சென்றார்கள். பதினொரு மாதங்களின் பின் திரும்பி வந்தார். அதன் பிறகு அவர் வானொலியைத் தொடவில்லை. குடை திருத்தினார். தங்கையின் கண்ணில் கம்பி என்றால் அந்த மனிதரின் முகம். மருமகன் பிறப்பதற்கு முன் நடந்தது அது. அவனுக்கு அது ஒரு கதை மட்டுமே.

தங்கை அஞ்சியவாறே ஒருநாள் நடந்தது. சிவில் உடையில் இருவர் வந்து, மரத்தில் கட்டியிருப்பது என்னவென்று விசாரித்தனர். மருமகன் அனுமதிப் பத்திரத்தைக் காட்டினான். அதைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். பிஸ்கற் பெட்டியைப் பார்த்து ஒருவர் சிரித்தாராம். தேநீர் அருந்தாமல் போய்விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் தங்கை அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் தகப்பனார் கம்பியை இறக்கிச் சுருட்டிக் களஞ்சிய அறையில் வைத்துவிட்டார். பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எல்லோருக்கும் பாரமாக இருந்தது.

நான் போய் அமர்ந்து, எனக்குத் தெரிந்ததை எடுத்துச் சொன்னேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த ஹாம்கள், விக்டர் குணதிலக்கவின் ஒழுங்கமைப்பில், அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையில் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்தமான் தீவுகளில், அரிதான ஓர் இடத்திலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதற்கென்று போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவரது குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தனர். பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற கருவிகளே அன்று அத்தீவுகளின் செய்திகளை வெளியே கொண்டுவந்தன. அதே காலையில் முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் எமது கரைகளையும் கடல் தின்றது. அந்தக் கரைகளில் ஒரு பொடியன் விளையாட்டாக ஓர் ஒலிபரப்பியை வைத்திருப்பதென்பது அந்நாளில் நினைத்தும் பார்க்க முடியாத விடயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோதும் பல இடங்களில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. கம்பிக்குப் பயந்த சமூகம் ஆபத்து வேளையில் ஊமையாக நிற்க நேரும் என்று சொன்னேன்.

தங்கை அமைதியாகக் கேட்டாள். பின்னர் சொன்னாள்: "கடல் எண்டைக்கோ ஒருநாள்தான் வரும் அண்ணை. கதவைத் தட்ட ஒரு நிமிஷம் காணும்."

முப்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

பதிலை மகனே கொண்டுவந்தான். சில வாரங்கள் கழித்து, ஹாம்களுக்கான சர்வதேச விதிகளைத் தமிழில் எழுதி எடுத்துவந்து தாய்க்கு வாசித்துக் காட்டினான். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 25ஆம் பிரிவு அமெச்சூர்களுக்குரியது. அதன்படி வெவ்வேறு நாட்டு ஹாம்கள் தமக்கிடையே தொழில்நுட்ப விடயங்களையும் தனிப்பட்ட சாதாரண விடயங்களையும் பேசலாம். பொருளை மறைக்கும் நோக்குடன் இரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. தன் அழைப்புக் குறியை உரையாடலின்போது சொல்லியாக வேண்டும். அனர்த்த வேளையில் பிறருக்காகச் செய்தி அனுப்பலாம். "அம்மா, இதில ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஆர் எண்டு சொல்லாமல் கதைச்சால்தான் குற்றம்" என்றான்.

அந்த ஒரு வசனத்தில் நான் நின்றுவிட்டேன். என் வயதினர் கற்றுக்கொண்டது நேர்மாறானது. சோதனைச் சாவடியில் தாழ்ந்த குரல், பஸ்ஸில் பெயர் சொல்லி அழைக்காமை, தொலைபேசியில் ஊரைக் குறிப்பிடாமை, கடிதத்தில் பாதி மொழி. பத்திரிகையில் எழுதியோரும் புனைபெயரைத் தேடிக்கொண்டோம். தான் யார், எந்த ஊர் என்பதை உரக்கச் சொல்வதே விதியாகவும், மறைப்பதே குற்றமாகவும் இருக்கும் ஒரு பொழுதுபோக்கை எமது வீட்டுப் பிள்ளை ஒன்று தேடிப் பிடித்திருக்கிறது. அது வெறும் விளையாட்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

தகப்பனார் இறங்கி வந்து, சரி, கம்பியை வீட்டுக்குப் பின்னால் மாமரங்களுக்குள் தெரியாமல் கட்டு என்றார். தங்கைதான் மறுத்தாள். "ஒளிச்சால்தான் சந்தேகம் வரும். முன்னுக்கே கட்டு. வாறவன் போறவன் எல்லாரும் காணட்டும்." அத்தோடு அனுமதிப் பத்திரத்தின் பிரதியொன்றைச் சட்டமிட்டு விறாந்தையில் மாட்ட வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. இப்பொழுது அந்த வீட்டுக்குள் நுழைபவர் முதலில் காண்பது பிள்ளையார் படம். அடுத்தது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பத்திரம். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைகளில் பூ வைக்கப்படுகிறது.

அதன் பின்னர் ஒருநாள் அதிகாலையில் அவனருகே அமர்ந்து கேட்டேன். பகலில் ஏழு மெகாஹேட்ஸ் அலைகள் சில நூறு கிலோமீற்றர் தூரத்துக்கு நன்றாக எட்டும் என்றும், சூரியன் மறைந்து, அயன மண்டலத்தின் கீழ்ப்படை கலைந்ததும் அவை மேலே சென்று தெறித்துப் பல ஆயிரம் கிலோமீற்றர் போகும் என்றும் விளக்கினான். சூரியனில் கரும்புள்ளிகள் கூடியும் குறைந்தும் ஏறத்தாழ பதினொரு வருடத்துக்கு ஒருமுறை வட்டமாக வருகின்றன. 2024இல் அவை உச்சத்தை அடைந்ததாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். தனக்கு அனுமதி கிடைத்த காலம் நல்ல காலம் என்று அவன் மகிழ்கிறான். சாதகம் பார்த்ததைப் போலத்தான்.

கணினியைக் கொண்டு இயங்கும் 'எப்டி8' என்ற முறையையும் காட்டினான். துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும் ஸ்டீவ் பிராங் என்பவரும் 2017இல் வெளியிட்டது அது. காதுக்கு எட்டாத மெல்லிய சமிக்ஞையையும் கணினி பிரித்தறியும். பதினைந்து விநாடிக்கு ஒருவர் மாறி ஒருவர் அனுப்புகிறார்கள். குறி, இடம், சமிக்ஞையின் அளவு, வாழ்த்து. ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த முறையில் யப்பானையும் இத்தாலியையும் பத்து வாற்றில் எட்டியிருக்கிறான். எனக்கோ குரல்தான் வேண்டியிருந்தது.

அவன் ஒலிவாங்கியை எடுத்து அழைத்தான். குறியின் எழுத்துகளைச் 'சியரா' என்பது போன்ற சர்வதேசச் சொற்களால் பிரித்துப் பிரித்துச் சொன்னான். மூன்றாம் அழைப்புக்கு, இரைச்சலின் நடுவிலிருந்து ஒரு முதியவரின் குரல் பதிலளித்தது. காவிரிக் கரையைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆங்கிலத்தில் தொடங்கியவர், இவன் ஊரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினார். "யாழ்ப்பாணமா? தம்பி, மறுபடியும் சொல்லுங்க." இவன் தன் பெயரையும் ஊரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். சிறிது நேரம் இரைச்சல் மட்டுமே கேட்டது. "ரொம்ப சந்தோஷம் தம்பி. ஐந்துக்கு ஏழு" என்றார். முதலாவது எண் பேச்சின் தெளிவையும் இரண்டாவது சமிக்ஞையின் பலத்தையும் குறிப்பவை. தெளிவுக்கு ஐந்தே முழுப் புள்ளி, பலத்துக்கு ஒன்பது. அதன்பின் மழையைப் பற்றிப் பேசினார்கள். அன்ரெனாவின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். பனையில் கட்டியது என்றதும் முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். அரசியல் ஒரு சொல்கூட இல்லை. இறுதியில் '73' என்று வாழ்த்தி விடைபெற்றார்கள். தந்திக்காரர் காலத்திலிருந்து வரும் வாழ்த்து எண் அது.

மருமகன் பதிவுக் கொப்பியை எடுத்து எழுதினான். திகதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, அவருடைய குறி, கொடுத்த புள்ளி, பெற்ற புள்ளி. எங்கள் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்து எழுத வேண்டும். இதே விபரங்களுடன் ஓர் அட்டையைத் தபாலில் பரிமாறிக்கொள்வது இவர்களின் மரபு. இருவரின் குறிப்பும் ஒத்துப்போனால்தான் அந்த உரையாடல் நடந்ததாகக் கணக்கு. ஒரு செய்தியை இரு தரப்பும் உறுதிப்படுத்த வேண்டும் என்று புதிய நிருபர்களுக்கு நான் படிப்பித்ததை இந்தப் பிள்ளைகள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்.

கதவருகே தங்கை தேநீருடன் நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்பது தெரியாது. "அந்த மனிசன் ஊரை மற்றமுறையும் கேட்டது ஏன்?" என்றாள். "நல்லாக் கேக்கேல்லைப் போல" என்றான் மகன். "இல்லை, கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

மருமகனுக்கு அடுத்த ஆசை ஒரு செய்மதி. கட்டார் நாடு 2018 நவம்பரில் ஏவிய 'எஸ்ஹெயில்-2' செய்மதியில் ஹாம்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழல்வதால் அசையாமல் நிற்பதாகத் தோன்றுவது. அத்தகைய பாதையில் தொடர்பாடல் நிலையங்களை வைக்கலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் பின்னர் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர் என்பதை மருமகன் என்னிடம் பெருமையோடு சொன்னான்.

அதற்கு ஒரு வட்டத் தட்டு வேண்டும். மேற்குத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். மேற்கு என்பது அந்த வீட்டில் ஒழுங்கைப் பக்கம். மிகுந்த தயக்கத்துடன் தாயிடம் அதைச் சொன்னான். தங்கை முற்றத்தில் இறங்கி, படலையடியில் நின்று இடத்தைப் பார்த்தாள். "செவ்வரத்தையை வெட்டாமல் வை" என்றாள்.